பியர்க் கைத்தொழிலும் நீரறமும்

ஒரு கைத்தொழிலின் சிறப்பை அது விற்கும் பண்டத்தின் தரத்தையும் அது ஈட்டும் ஊதியத்தின் அளவையும் கொண்டு மதிப்பதே உலக வழக்காகும். அத்தொழில் ஆற்றினின்றும் எடுப்பது யாது, ஆற்றுக்குத் திருப்பிக் கொடுப்பது யாது என்று வினவியோர் நெடுங்காலம் மிகச் சிலராகவே இருந்தனர். இன்றோ நிலைமை மாறிவிட்டது. சூழலைப் பேணுதல், வளங்குன்றா வளர்ச்சி முதலிய சொற்றொடர்கள் கம்பனிகளின் ஆண்டறிக்கைகளில் எல்லாம் இடம்பெறுகின்றன. சொற்கள் பெருகும்போது பொருள் மங்குதல் இயல்பு. ஆதலின், அச்சொற்களுக்குள் அடங்கிய உண்மையை அறிய விரும்புவோர், ஏதேனும் ஒரு தொழிலைத் தனியே எடுத்து அதன் நீர்க்கணக்கைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஆராய்தல் நன்று. அத்தகைய ஆராய்ச்சிக்குப் பியர்க் கைத்தொழில் பெரிதும் ஏற்றது. அதன் பண்டத்திற் பெரும் பங்கு நீர். அதன் கழிவிற் பெரும் பங்கு உணவு. அதன் வரலாறோ இரசாயனவியலின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பது.

மதுவைப் பற்றிய ஆராய்ச்சி கல்லூரி மலருக்கு அடுக்குமோ என ஐயுறுவாரும் உளராகலாம். கள்ளுண்ணாமையைத் தனி அதிகாரமாக வகுத்து வற்புறுத்திய வள்ளுவரே, கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்து நீரின் பெருமையை உணர்த்தினார். பியரை அருந்துதல் தகுமா என்பது ஈண்டு எடுத்துக்கொண்ட பொருளன்று. அருந்துவோரும் அருந்தாதோரும் ஒரே ஆற்றின் நீரையே குடிக்கின்றனர். ஆதலின் ஆலையின் நீர்க்கணக்கு அனைவர்க்கும் உரியதொன்றாகும்.

ஆக்கும் முறை

பனையிலிருந்து இறக்கும் சாற்றில் வெல்லம் இயல்பாகவே உண்டு. முட்டியில் சுண்ணாம்பு தடவாது விடின், காற்றிலும் முட்டியிலும் தங்கியுள்ள மதுவங்கள் அவ்வெல்லத்தைச் சில மணி நேரத்திலேயே மதுசாரமாக்கத் தொடங்கிவிடும். கள் உண்டாவதற்கு மனிதன் நீர் வார்க்க வேண்டியதில்லை. நெருப்பு மூட்டவும் வேண்டியதில்லை. வாற்கோதுமையின் நிலை வேறு. அதன் மணியில் நிறைந்திருப்பது வெல்லமன்று, மாப்பொருள். மதுவத்தால் மாப்பொருளை உண்ண இயலாது. ஆகவே மாப்பொருளை முதலில் வெல்லமாக மாற்றுதல் வேண்டும். பியர் ஆக்கும் கலையின் பெரும்பகுதி இம்மாற்றத்தைச் செய்வதே எனலாம்.

வாற்கோதுமையை ஏறக்குறைய இரண்டு நாள் நீரில் ஊறவைத்து, பின் சில நாள் முளைக்கவிடுவர். முளைக்கும் மணி தன் உணவுச் சேமிப்பைக் கரைத்துக்கொள்ளுதற் பொருட்டு நொதியங்களைத் தோற்றுவிக்கும். அந்நிலையில் வெப்பக் காற்றால் உலர்த்தி முளையை நிறுத்திவிடுவர். இதுவே முளைத்தானியம் எனப்படும். முளைத்தானியத்தை உடைத்து ஏறத்தாழ 65 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரிற் கலந்தால், நொதியங்கள் மாப்பொருளை வெல்லமாக்கும். இனிய சாற்றை வடித்தெடுத்துச் சக்கையை நீக்குவர். சாற்றோடு ஹொப்ஸ் என்னும் கொடியின் பூக்களைச் சேர்த்து ஒரு மணி நேரமேனும் கொதிக்கவைப்பர். கசப்பும் மணமும் அதனாலேயே வருவன. பின்னர்ச் சாற்றைக் குளிர்வித்து மதுவத்தை இடுவர். மதுவம் வெல்லத்தை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிக்கும்.

இம்முறையின் ஒவ்வொரு படியிலும் நீர் வேண்டப்படுகின்றது. பியரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டது நீரே. ஆயினும் பியருக்குள் புகும் நீர், ஆலை எடுக்கும் நீரில் ஒரு சிறு பங்கேயாம். கலங்களையும் குழாய்களையும் போத்தல்களையும் கழுவுவதற்கே பெருந்தொகை நீர் செலவாகின்றது. நுண்ணுயிரொன்று தவறிப் புகுந்தாலும் பியர் முழுவதும் கெடும்; ஆதலின் கழுவுதலில் சிக்கனம் பிடிக்க ஆலையாளர் அஞ்சுவர். ஒரு லீற்றர் பியருக்கு 4 முதல் 7 லீற்றர் வரை நீர் எடுப்பது ஆலைகளின் பொதுவியல்பு. பழைய ஆலைகள் சில 10 லீற்றர் வரை எடுத்ததும் உண்டு. ஒரு லீற்றர் பியராகிப் போத்தலிற் சேர, எஞ்சியதில் மிகப் பெரும்பகுதி கழிவுநீராகி வெளியேறுகின்றது.

உணவே கேடாதல்

பியர் ஆலையின் கழிவுநீரில் உள்ள பொருள்கள் எவை? கழுவும் சோடா முதலியவற்றை நீக்கிப் பார்த்தால் வெல்லம், மாப்பொருள், புரதம், மதுவம், சிந்திய பியர் ஆகியனவே மிகுதி. இவை நஞ்சல்ல, உணவு. உணவாயிருத்தலே இங்குக் கேட்டுக்குக் காரணமாகின்றது. ஆற்றை அடைந்ததும் பற்றீரியாக்கள் இவ்வுணவை உண்டு அளவின்றிப் பெருகும். அவ்வாறு பெருகும்போது நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனை அவை செலவிடும். மீன்கள் சுவாசிப்பதற்கு உரியதும் அவ்வொட்சிசனே. அது தீர்ந்தபின் மீன்கள் மடியும். ஒட்சிசன் வேண்டாத பற்றீரியாக்கள் தலையெடுத்து நாற்றத்தைப் பிறப்பிக்கும்.

இதனை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். ஒரு லீற்றர் பியரில் ஏறத்தாழ 40 கிராம் மதுசாரம் உண்டு எனக் கொள்க. 46 கிராம் மதுசாரம் முற்றாக ஒட்சியேற்றம் அடைய 96 கிராம் ஒட்சிசன் வேண்டும். ஆகவே 40 கிராமுக்கு 83 கிராமுக்குச் சற்று மேல் வேண்டும். 20 பாகை செல்சியசில் தூய நீர் ஒரு லீற்றரிற் கரைந்திருக்கக்கூடிய ஒட்சிசனோ ஏறத்தாழ 9 மில்லிகிராம் மட்டுமே. எனவே, வாய்க்காலிற் கொட்டப்பட்ட ஒரு லீற்றர் பியரின் மதுசாரம் மட்டுமே 9,000 லீற்றருக்கு மேற்பட்ட தூய நீரின் ஒட்சிசனைக் கணக்களவில் முற்றாகக் குடித்துவிடும். வெப்பம் மிக்க நாடுகளின் நீர் இன்னும் குறைந்த ஒட்சிசனையே தாங்கும். 30 பாகையில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறைகின்றது. ஓடும் ஆறு காற்றினின்றும் ஒட்சிசனை மீண்டும் பெறும் என்பது உண்மையே. எனினும், பெறும் வேகத்தினும் இழக்கும் வேகம் மிகுமாயின் ஆறு பிழைப்பதில்லை.

இக்கேட்டை முற்காலத்திலேயே கண்ட நகரம் இங்கிலாந்தில் திரெந்து ஆற்றங்கரையில் உள்ள பேட்டன் ஆகும். அந்நகரின் கிணற்று நீர் நிலத்தடியில் உள்ள கல்சியம் சல்பேற்றுப் படைகளின் ஊடாக வருவது. அந்நீர் வெளிறிய நிறமுள்ள பியருக்கு மிகவும் பொருந்தியமையால், 19 ஆம் நூற்றாண்டில் ஆலைகள் அங்கே நெருங்கி எழுந்தன. நகரின் சாக்கடையில் ஆலைகளின் கழிவு பெரும் பங்கு வகித்தது. அதனைத் திரெந்து ஆற்றில் விடுதல் இயலாது என்று கண்டபின், 1885 இல் கிளேமில்ஸ் என்னுமிடத்தில் நீராவியால் இயங்கும் நான்கு பெரிய பொறிகளை நிறுவி, கழிவுநீரை எகிங்டன் என்னும் ஊரின் பண்ணை நிலங்களுக்கு ஏற்றினர். நன்னீரால் வாழ்ந்த தொழில், தான் கெடுத்த நீரை அகற்றுவதற்கு அத்துணைப் பெரிய பொறிகளை நாட வேண்டியதாயிற்று.

கழிவுநீரின் கேட்டை அளப்பதற்கு ஒரு பொதுவான அளவுகோலும் வேண்டியிருந்தது. 1898 இல் பிரித்தானிய அரசு சாக்கடைக் கழிவு பற்றி ஆராய ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. அக்குழு 1912 இல் வெளியிட்ட எட்டாவது அறிக்கையில், ஒரு லீற்றர் கழிவுநீர் ஐந்து நாளில் எடுத்துக்கொள்ளும் ஒட்சிசன் 20 மில்லிகிராமையும், அதில் மிதக்கும் திண்பொருள் 30 மில்லிகிராமையும் மேற்படலாகாது என விதந்துரைத்தது. இன்று உயிரியல் ஒட்சிசன் தேவை என வழங்கும் அளவை இதுவே. சுத்திகரிக்கப்படாத பியர் ஆலைக் கழிவுநீரில் இவ்வளவை பெரும்பாலும் 1,000 மில்லிகிராமுக்கு மேற்பட்டது. சிலவேளை 3,000 ஐயும் கடக்கும். இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கைத்தொழிற் கழிவுநீருக்கு விதிக்கப்பட்ட பொது எல்லை 30 மில்லிகிராமாகும். 1912 ஆம் ஆண்டின் சிந்தனை இன்றும் சட்டங்களில் வாழ்கின்றது.

ஆணைக்குழுவின் அளவுக்கு ஒரு நிபந்தனையும் உண்டு என்பதை மறத்தலாகாது. கழிவுநீரைப் போல எட்டு மடங்கேனும் தூய ஆற்றுநீர் வந்து கலக்கும் என்ற எண்ணத்தின் மேலேயே அந்த 20 மில்லிகிராம் வகுக்கப்பட்டது. ஆறு வற்றினால் அளவுகோலும் பொய்த்துவிடும். இவ்வுண்மை பின்னர் வேண்டப்படும்.

அளவுகோல் பிறந்த ஆய்வுகூடம்

கழிவுநீரைச் சோதிக்கும் இரசாயன முறைகளுட் சில பியர் ஆலையொன்றின் ஆய்வுகூடத்திலேயே பிறந்தன என்பது பலர் அறியாத செய்தி. கோப்பன்கேகன் நகரத்துக்கு அணித்தாக 1847 இல் ஜே. சி. யாக்கோப்சன் என்பார் கார்ல்ஸ்பேர்க் ஆலையை நிறுவினார். அவர் 1875 இல் ஓர் ஆய்வுகூடத்தையும் அமைத்தார். அங்கே கெல்டால் என்னும் அறிஞர் 1883 இல் நைதரசனை அளக்கும் முறையைக் கண்டார். தானியத்தின் புரதத்தை அறிதற்கு எழுந்த அம்முறை, இன்று கழிவுநீரின் நைதரசனை அளக்கவும் பயன்படுகின்றது. 1909 இல் சோறென்சன் என்பார் அமிலத் தன்மையையும் காரத் தன்மையையும் ஓர் எண்ணாற் குறிக்கும் பீ.எச். அளவைத் தந்தார். பாடசாலை ஆய்வுகூடங்களில் மாணவர் நாளும் கையாளும் அளவை அதுவே.

அதே ஆய்வுகூடத்தில் 1883 இல் ஹான்சன் என்பார் தனி ஒரு கலத்தினின்றும் தூய மதுவத்தை வளர்க்கும் முறையைக் கண்டார். கெட்ட மதுவம் கலந்து பியர் வீணாதல் அதனால் நின்றது. யாக்கோப்சன் அம்முறையைத் தமக்கே உரியதாக மறைத்து வைக்கவில்லை. தூய மதுவத்தைப் பிற ஆலைகளுக்கும் வழங்கினார். வீணாகாத பியர், வாய்க்காலிற் கொட்டப்படாத பியராகும். சூழல் பேணல் என்ற சொல் வழக்கில் வருமுன்னரே, தூய்மையும் சிக்கனமும் ஆற்றுக்கு நன்மை செய்தன என்பதற்கு இது சான்று.

கழிவு பொருளாதல்

கழிவு என்பது இடம் மாறிக் கிடக்கும் பொருளே. பியர் ஆலையைப் பொறுத்தவரை இவ்வுண்மை ஐந்து வழிகளில் விளங்குகின்றது.

முதலாவது சக்கை. 100 லீற்றர் பியருக்கு ஏறத்தாழ 20 கிலோகிராம் ஈரச் சக்கை எஞ்சும். வெல்லம் வடிந்துபோனமையால் அதிற் புரதமும் நாரும் செறிந்திருக்கும். கறவை மாடுகளுக்கு அது நல்லுணவு. ஆயினும் ஈரமிக்கதாதலின் சில நாளிற் பழுதாகிவிடும். ஆகவே ஆலைக்கு அருகே மாட்டுப் பண்ணைகள் இருப்பின் சக்கை செல்வம், இல்லையேல் சுமை.

இரண்டாவது மதுவம். நொதித்தலின்போது மதுவம் பல மடங்காகப் பெருகும். அடுத்த முறைக்கு வேண்டியதை எடுத்தபின் எஞ்சும் மதுவத்தை வாய்க்காலில் விட்டால், அதுவே கேடுகளுட் பெருங்கேடாகும். 1902 இல் பேட்டன் நகரில், பாஸ் ஆலையின் எஞ்சிய மதுவத்தைக் கொண்டு மாமைற் என்னும் உணவுச்சாறு ஆக்கத் தொடங்கினர். இலங்கையின் இல்லங்கள் பலவற்றில் இன்றும் காணப்படும் அக்கரிய சாற்றின் பிறப்பு அதுவே. பம்பாயில் வறிய கருப்பிணிகளுக்கு உற்ற குருதிச்சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் மருத்துவர், மாமைற் அந்நோயை நீக்குவதை 1931 இல் வெளியிட்டார். அதில் அடங்கிய நற்பொருள் போலிக்கமிலம் எனப் பின்னர் அறியப்பட்டது. 1934-35 இல் இலங்கையைத் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோயின்போது, நிவாரணப் பணியாற்றிய சூரியமல் இயக்கத்தாரும் ஊட்டமின்றி நலிந்தோர்க்கு மாமைற்றை அளித்தனர். ஆற்றில் விட்டிருப்பின் மீனைக் கொன்றிருக்கும் பொருள், முறையாகப் பயன்பட்டபோது மனிதரைக் காத்தது.

மூன்றாவது காபனீரொட்சைட்டு. 100 லீற்றர் பியர் நொதிக்கும்போது ஏறக்குறைய 4 கிலோகிராம் வாயு உண்டாகும். அதனைப் பிடித்துத் தூய்மை செய்து, பியரை நிரப்புதற்கே மீண்டும் பயன்படுத்தலாம். வெளியிலிருந்து வாங்க வேண்டியது அதனாற் குறையும்.

நான்காவது வெப்பம். கொதித்த சாற்றைக் குளிர்விக்கும் நீர், அவ்வெப்பத்தைத் தான் ஏற்றுச் சூடாகும். அச்சூட்டு நீரை அடுத்த முறை தானியத்தோடு கலக்கப் பயன்படுத்தினால் எரிபொருளும் மிஞ்சும்; நீரும் மிஞ்சும்.

ஐந்தாவது கழிவுநீரே. 1970 களில் ஒல்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழகத்தில் லெற்றிங்கா என்னும் அறிஞர் புதியதொரு கலத்தை ஆக்கினார். கழிவுநீர் கலத்தின் அடியிற் புகுந்து மேனோக்கி எழும். இடையிலே பற்றீரியாக்கள் திரண்டு உருவான சிறு மணிகள் ஒரு படையாகத் தங்கியிருக்கும். ஒட்சிசன் வேண்டாத அப்பற்றீரியாக்கள் நீரிலுள்ள உணவை உண்டு மீதேன் வாயுவை வெளியிடும். வாயு மேலே சேர்க்கப்பட்டு ஆலையின் கொதிகலனுக்கு எரிபொருளாகும். காற்றைச் செலுத்தும் பழைய முறைக்கு மின்வலு மிகுதியாக வேண்டும், இம்முறையோ வலுவைத் தருகின்றது, சேறும் குறைவு. நன்கு இயங்கும் கலம் கழிவின் நான்கில் மூன்று பங்கை, அன்றி அதற்கு மேலும், நீக்கவல்லது. லெற்றிங்கா தம் கண்டுபிடிப்புக்கு ஆக்கவுரிமை பெற விரும்பாது அதனை உலகோர்க்குப் பொதுவாக்கினார். பிரேசில், இந்தியா முதலிய நாடுகளில் அம்முறை விரைந்து பரவியது. 2007 இல் சூழலியலுக்கான தைலர் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

1.4 லீற்றர்

இவ்வழிகள் யாவும் ஒருங்கே சேர்ந்த இடம் தென்மார்க்கின் பிறெடெரிசியா நகரில் உள்ள கார்ல்ஸ்பேர்க் ஆலையாகும். 2021 இல் அங்கு நீரை மீட்டெடுக்கும் நிலையமொன்று திறக்கப்பட்டது. கழிவுநீர் முதலில் பற்றீரியாக்களால் தூய்மை பெறும். பின்னர் மென்றகடுகளின் ஊடாக அழுத்தத்தோடு செலுத்தப்பட்டு உப்புகளும் நீக்கப்படும். ஈற்றில் நுண்ணுயிர்கள் அழிக்கப்படும். இவ்வாறு ஆலைப் பணிக்குச் செலவாகும் நீரில் 90 சதவீதம் மீண்டும் பயன்படுகின்றது. அந்நீர் பியரிற் கலக்கப்படுவதன்று. கழுவுதல் முதலிய பணிகளுக்கே உரியது. ஒரு லீற்றர் பியருக்கு 2.9 லீற்றராக இருந்த நீர்ச்செலவை 1.4 லீற்றராகக் குறைத்தலே நிலையத்தின் நோக்கம்.

அறிவியலின் வெற்றி என இதனைப் போற்றுதல் தகும். ஆயினும் இவ்வெண் எதனை அளக்கின்றது, எதனை அளக்கவில்லை என்று ஆராய்வது கற்றோர் கடன். லீற்றருக்கு லீற்றர் என்னும் கணக்கு ஆலையின் திறமையை அளக்கும். ஆற்றின் நலத்தை அளக்காது. ஆண்டொன்றுக்கு 10 கோடி லீற்றர் பியரை, லீற்றருக்கு 6 லீற்றர் நீர் வீதம் ஆக்கும் ஓர் ஆலையை எண்ணிப் பார்க்க. அது எடுப்பது 60 கோடி லீற்றர் நீர். வீதத்தை 3 லீற்றராகப் பாதியாக்கிய அவ்வாலை, ஆக்கத்தை 30 கோடி லீற்றராகப் பெருக்குமாயின் அது எடுப்பது 90 கோடி லீற்றராகும். அறிக்கையில் நீர்ச்செலவு பாதியாயிற்று. ஆற்றிலோ ஒன்றரை மடங்காயிற்று. இரண்டும் உண்மையே.

வயலில் மறைந்த நீர்

மேலும், ஆலை எடுக்கும் நீரே பியரின் முழு நீருமன்று. வாற்கோதுமையும் ஹொப்ஸும் வளர்ந்த வயல்களின் நீரையும் கணக்கிற் சேர்த்தல் முறை. 2009 இல் சாப்மில்லர் என்னும் பியர்க் கம்பனியும் உலக இயற்கை நிதியமும் இணைந்து இத்தகைய கணக்கொன்றை வெளியிட்டன. செக்கு நாட்டில் ஒரு லீற்றர் பியருக்கு மொத்தம் 45 லீற்றர் நீரும், தென்னாபிரிக்காவில் 155 லீற்றர் நீரும் செலவாவதாக அக்கணக்குக் காட்டியது. இரு நாடுகளிலும் அந்நீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டது பயிருக்கு உரியது. தென்னாபிரிக்காவில் வெயிலால் ஆவியாகும் நீர் மிகுதி. நீர்ப்பாசனத்தின் தேவையும் மிகுதி. ஒரே வகைப் பியரே நாட்டுக்கு நாடு மும்மடங்கு வேறுபடுகின்றது.

இக்கணக்கு இரு பாடங்களைப் புகட்டுகின்றது. ஆலைக்குள் ஒரு லீற்றரை மிச்சப்படுத்த முயல்வோர், ஆலைக்கு வெளியே நூறு லீற்றரைப் பற்றி வாளாவிருத்தல் தகாது. வாற்கோதுமை விளைக்கும் உழவரோடு இணைந்து நீரைச் சிக்கனமாகப் பாய்ச்சும் முறைகளைப் பரப்புதல் வேண்டும் என்பது முதலாவது. வானம் பொழிந்த மழைநீரில் விளைந்த பயிருக்கும், வற்றும் ஆற்றினின்றும் பாய்ச்சி விளைந்த பயிருக்கும் லீற்றர்க் கணக்கு ஒன்றேயாயினும் விளையும் பயனும் கேடும் ஒன்றல்ல என்பது இரண்டாவது. நீரின் அளவைப் போலவே நீரின் இடமும் எண்ணப்பட வேண்டியது.

மெக்சிக்காலியின் வினா

இடம் என்னும் வினாவை உலகின்முன் வெளிப்படையாக எழுப்பிய நகரம் மெக்சிக்கோ நாட்டின் வடவெல்லையில் உள்ள மெக்சிக்காலி ஆகும். அது பாலைநிலம், ஆண்டுக்கு 100 மில்லிமீற்றர் மழையும் பெறாதது. கொலறாடோ ஆற்றின் நீரே அப்பள்ளத்தாக்கின் உயிர். அவ்வாறு ஐக்கிய அமெரிக்காவைக் கடந்து வருவது. 1944 ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி மெக்சிக்கோவுக்கு ஆண்டொன்றுக்கு உரிய பங்கு 185 கோடி கன மீற்றர். உழவரும் நகரத்தாரும் அப்பங்கையே பகிர்ந்து வாழ்கின்றனர். ஆறு கடலைச் சென்றடைதல் அரிதாகிவிட்டது.

அத்தகைய இடத்தில் கொன்ஸ்டலேசன் பிராண்ட்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பனி, ஐக்கிய அமெரிக்காவுக்கு அனுப்புதற் பொருட்டு மாபெரும் பியர் ஆலையொன்றைக் கட்டத் தொடங்கியது. உழவரும் ஊராரும் எதிர்த்தனர். பள்ளத்தாக்கின் நீரில் ஆலைக்குச் செல்வது சிறு பங்கே எனக் கம்பனியார் வாதித்தனர். தொழிலும் வேலையும் வேண்டும் என்றோரும் இருந்தனர். 2020 மார்ச்சு 21, 22 ஆம் நாள்களில் மத்திய அரசு மக்களின் கருத்தைக் கேட்டது. வாக்களித்தோர் ஏறக்குறைய 37,000 பேர்; அவருள் 76 சதவீதத்தினர் ஆலை வேண்டாம் என்றனர். நகரின் மக்கள் தொகையோடு ஒப்பிட வாக்களித்தோர் தொகை சிறிதே என்று குறை கூறியோரும் உளர். ஆயினும் அரசு அத்தீர்ப்பை ஏற்று ஆலைக்குரிய நீர் அனுமதியை மறுத்தது. பெருமளவு எழுந்துவிட்ட கட்டடம் பயனின்றி நின்றது. கம்பனி பின்னர், மழை மிக்க வெராகுறூசு மாநிலத்தில் தன் புதிய ஆலைக்கு இடம் தேடிக்கொண்டது.

இருவர் கூற்றிலும் நியாயம் இருந்ததை மறுக்கவியலாது. வயல்களுக்குப் பாயும் நீரோடு ஒப்பிட ஆலையின் நீர் சிறிது என்பது எண்ணளவில் தவறன்று. ஆனால் அளவோடு உரிமையும் அங்கே கேள்விக்குரியதாயிருந்தது. எல்லார்க்கும் போதாத நீரில், ஊராரைக் கேளாமல் ஒரு புதிய பங்காளியைச் சேர்க்கலாமா என்பதே உழவரின் வினா. அவ்வினாவுக்கு எந்த மென்றகடும் விடை கூறாது. இரண்டு ஆண்டுகளின் பின் அந்நாட்டின் மொண்டெரே நகரில் கொடிய வரட்சியால் இல்லங்களின் குழாய் நீர் அறுந்தபோது இதே வினா மீண்டும் எழுந்தது. வட மாநிலங்களிற் பியர் ஆக்குவதை இனி ஊக்குவித்தல் இயலாது. நீருள்ள தெற்குக்கே ஆலைகள் செல்ல வேண்டும் என 2022 ஓகத்தில் அந்நாட்டின் சனாதிபதி கூறினார்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், சூழலைப் பேணுவதாகக் கூறும் எக்கைத்தொழிலிடமும் கேட்கத்தக்க வினாக்கள் மூன்று உள என்பது புலனாகும். ஒரு பண்டத்துக்கு எவ்வளவு நீர் செலவாகின்றது என்பது முதல் வினா. எடுத்த நீரை எந்நிலையில் திருப்பிக் கொடுக்கின்றது என்பது இரண்டாவது. எந்த இடத்து நீரை, யாருடைய இசைவோடு எடுக்கின்றது என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் அறிவியல் விடை கண்டுவிட்டது. பிறெடெரிசியாவின் நிலையமும் லெற்றிங்காவின் கலமும் அவ்விடைகள். மூன்றாவது வினாவுக்கு விடை கூறவேண்டியவர் அவ்வூர் மக்களும் அவர்தம் சட்டமும் ஆவர்.

ஆறுகள் ஓடாத யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற நிலங்களுக்கு இம்மூன்றாவது வினா இன்னும் கூர்மையானது. அங்கே மழைநீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளினூடாக இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது; குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்நீரே. 1912 ஆம் ஆண்டின் ஆணைக்குழு எண்ணிய எட்டு மடங்கு ஆற்றுநீர் அங்கே வந்து கலப்பதில்லை. ஆற்றுக்கு வகுத்த எல்லை கிணற்றுக்குக் காவலாகாது. பியர் ஆலையாயினும் வேறு எவ்வாலையாயினும், அத்தகைய நிலத்தில் அமையுமுன் தன் கழிவுநீர் எங்கே சென்று சேரும் என்பதை ஊரார்க்கு விளங்கக் காட்டுதல் வேண்டும்.

இரசாயனம் கற்கும் மாணவன் பீ.எச். தாளை நீரில் தோய்த்துப் பார்க்கும்போது, ஒரு பியர் ஆலையின் ஆய்வுகூடத்திற் பிறந்த அளவுகோலையே கையாளுகின்றான். அவ்வளவுகோலைச் சோதனைக் குழாயோடு நிறுத்தாது, தன் ஊரின் வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் கொண்டுசெல்வானாயின், அவன் கற்ற கல்வி ஊருக்குப் பயன்படும். நீரைக் கெடுப்பதும் அறிவாலேயே, காப்பதும் அறிவாலேயே. எதற்கு அறிவைச் செலுத்துவது என்பதை அறமே தீர்மானிக்கும்.